மோட்டார் பந்தயத்தில் இன்ஜின் விதிகளும் அணிகளுக்கிடையே நியாயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லா அணிக்கும் ஒரே இன்ஜினைக் கொடுத்துவிட்டால் தகராறே இருக்காதே?

சில தொடர்கள் அப்படித்தான் நடக்கின்றன. ஃபார்முலா 2-இல் எல்லாக் காருக்கும் மெக்காக்ரோம் தயாரிக்கும் 3.4 லிட்டர் வி6 டர்போதான். ஒரே பட்டறையில் ஒரே வரைபடத்தை வைத்துச் செய்த இரண்டு இன்ஜின்கள்கூட, சக்தியை அளக்கும் டைனோவில் அச்சு அசலாக ஒரே எண்ணைக் காட்டுவதில்லை. அதனால் பக்கத்துக் காருக்கு நல்ல இன்ஜின் போய்விட்டது என்ற புலம்பல் அங்கேயும் உண்டு, ஆனால் வித்தியாசம் சிறியது.

உற்பத்தியாளர்கள் மோதிக்கொள்ளும் தொடர்களில் இந்த வழி செல்லாது. மெர்சிடிஸ், ஃபெராரி, ஹோண்டா எல்லாம் பணத்தைக் கொட்டுவதே எவருடைய இன்ஜின் சிறந்தது என்று காட்டத்தான். அங்கே நியாயம் என்பதற்கு இரண்டு வேறு அர்த்தங்கள் உண்டு. ஒன்று, எல்லாருக்கும் ஒரே வரம்பு. அதற்குள் கெட்டிக்காரன் முந்தட்டும் என்பது. ஃபார்முலா 1 அந்த வகை. மற்றது, வெவ்வேறு வண்டிகளைச் சமமாக்கி விட்டபின் ஓட்டுநரும் அணியும் மோதட்டும் என்பது. லு மான் 24 மணி நேரப் பந்தயமும், கடையில் விற்கும் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பந்தயத்துக்கு மாற்றி ஓட்டும் ஜிடி3-யும் அப்படி. ரசிகர்களின் சண்டையில் பாதி, ஒன்றுக்குரிய அளவுகோலை மற்றதன் மேல் வைப்பதால் வருவது.

ஃபார்முலா 1 இன்ஜினில் எதற்கு வரம்பு? குதிரைத்திறனுக்கா?

இல்லை. ஃபார்முலா 1-இல் குதிரைத்திறனுக்கு நேரடி வரம்பு கிடையாது. உள்ளே போவதற்குத்தான் வரம்பு.

2014 முதல் 2025 வரையான 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைப்ரிட் காலத்தில் எரிபொருள் ஓட்டம் மணிக்கு 100 கிலோவைத் தாண்டக்கூடாது. இந்த 100 கிலோ நிமிடத்துக்கு 10,500 சுழற்சிக்கு மேல்தான் கிடைக்கும். அதற்குக் கீழே, சுழற்சி எண்ணை 0.009-ஆல் பெருக்கி 5.5 கூட்டினால் வருவதுதான் வரம்பு. 8,000 சுழற்சியில் அது 77.5 கிலோ. இந்தச் சரிவு இல்லாவிட்டால் குறைந்த சுழற்சியிலேயே முழு எரிபொருளையும் திணித்து முறுக்கு விசையைக் கூட்டியிருப்பார்கள். 15,000 சுழற்சி வரை போகலாம் என்று விதி சொன்னாலும் யாரும் அங்கே போகாததற்கும் இதே காரணம்: 10,500-க்கு மேல் எரிபொருள் அதிகரிக்காது, உராய்வு மட்டும் அதிகரிக்கும்.

2026 விதியில் கிலோவுக்குப் பதில் ஆற்றலை அளக்கிறார்கள், மணிக்கு 3,000 மெகாஜூல். இது சின்ன மாற்றம்போலத் தோன்றும், ஆனால் அப்படி இல்லை. எடையை அளந்தால், ஒரு கிலோவில் கூடுதல் ஆற்றல் அடைத்த எரிபொருளைக் கலக்கும் வேதியியலாளருக்குப் பரிசு போகும். ஆற்றலை அளந்தால் அந்த வழி அடைபடுகிறது. 3,000-ஐ 3,600 வினாடியால் வகுத்தால் 833 கிலோவாட். இன்ஜினிலிருந்து எதிர்பார்க்கப்படுவது சுமார் 400 கிலோவாட். அதாவது ஏறக்குறைய 48 சதவீத வெப்பத்திறன். அந்த 48-ஐ 49 ஆக்குவதுதான் இப்போதைய போட்டி. மின்மோட்டார் பங்கு 120 கிலோவாட்டிலிருந்து 350 ஆக ஏறியிருக்கிறது. புகைவெப்பத்திலிருந்து மின்சாரம் எடுத்த எம்ஜியு-ஹெச் நீக்கப்பட்டுவிட்டது.

எரிபொருள் ஓட்டத்தை எப்படி அளக்கிறார்கள்? அதில் ஏமாற்ற முடியாதா?

குழாய்க்குள் மீயொலி அலையை ஓட்டத்தோடும் ஓட்டத்துக்கு எதிராகவும் அனுப்பி, இரண்டும் போய்ச்சேரும் நேர வித்தியாசத்திலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடும் உணரி அது. பிரச்சினை இரண்டு இடத்தில் வரும்.

முதலாவது, உணரி காட்டுவது சரியா என்ற சந்தேகம். 2014 ஆஸ்திரேலியப் பந்தயத்தில் ரெட் புல்லின் டேனியல் ரிக்கியார்டோ இரண்டாவதாக வந்தார். உணரி தவறாகக் காட்டுகிறது என்று முடிவு செய்த அணி, இன்ஜெக்டர் கணக்கை வைத்துத் தானே ஓட்டத்தைக் கணக்கிட்டுக்கொண்டது. விதிகளை எழுதிக் கண்காணிக்கும் உலக அமைப்பான எஃப்ஐஏ எச்சரித்தும் குறைக்கவில்லை. தகுதி நீக்கம், மேல்முறையீடும் தள்ளுபடி. அணியின் கணக்கு ஒருவேளை சரியாகவே இருந்திருக்கலாம். அது கேள்வியே இல்லை. எல்லாருக்கும் பொதுவான தராசு கோணலாக இருந்தாலும் அதில்தான் நிறுக்கவேண்டும். அவரவர் வீட்டுத் தராசைக் கொண்டுவந்தால் விதி என்று ஒன்று மிஞ்சாது.

இரண்டாவது, உணரி ஒரு கணத்துக்கும் அடுத்த கணத்துக்கும் இடையே எதைப் பார்ப்பதில்லை என்பது. 2019 இறுதியில் ரெட் புல் எஃப்ஐஏ-வுக்கு ஒரு கேள்வி அனுப்பியது: இப்படி இப்படிச் செய்து உணரியின் அளவீட்டைத் தவிர்த்தால் அது செல்லுமா என்று. செல்லாது என்ற பதில் தொழில்நுட்ப உத்தரவாக எல்லா அணிகளுக்கும் போனது. ஃபெராரியை நினைத்துத்தான் அந்தக் கேள்வி என்பது பந்தய வளாகத்தில் எல்லாருக்கும் தெரியும். இந்த விளையாட்டில் விளக்கம் கேட்பதே ஓர் ஆயுதம். பெயர் சொல்லிப் புகார் செய்யத் தேவையில்லை, ஆதாரமும் வேண்டாம்.

2020 பிப்ரவரியில் ஃபெராரி இன்ஜின் குறித்த விசாரணையை ரகசிய உடன்பாட்டில் முடித்துக்கொண்டதாக எஃப்ஐஏ அறிவித்தது. ஃபெராரி இன்ஜின் வாங்காத ஏழு அணிகளும் சேர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தன. ஆய்வில் என்ன தெரிந்தது என்பது வெளியாகவில்லை. குற்றம் என்றும் தீர்ப்பாகவில்லை. 2020 முதல் காரில் இரண்டாவது உணரி வந்தது, அதன் தரவு அணிக்கே தெரியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டு எஃப்ஐஏ-வுக்குப் போகும். அந்த ஆண்டு ஃபெராரி ஒரு பந்தயமும் வெல்லாமல் ஆறாவது இடத்தில் முடித்தது.

எண்ணெயை எரிப்பது என்றார்களே, அது என்ன?

பெட்ரோலுக்கு வரம்பு வந்தால், பெட்ரோல் அல்லாத எரியும் பொருளைத் தேடுவது இயல்பு. நீ தடுக்கில் புகுந்தால் நான் கோலத்தில் புகுவேன் என்ற கதைதான். மசகு எண்ணெய் ஆவி, காற்றோடு சேர்ந்து எரியறைக்குப் போகும்படி வடிவமைத்தால் கொஞ்சம் கூடுதல் ஆற்றல் கிடைக்கும், எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் தட்டலும் குறையும். அளவு கட்டுப்பாடுகள் படிப்படியாக இறுகின: 2018-இல் 100 கிலோமீட்டருக்கு 0.6 லிட்டர், 2020-இல் 0.3 லிட்டர்.

இன்ஜின் விலைக்கு வாங்கும் அணிக்கு மட்டமான இன்ஜினைத் தள்ளிவிடுவார்களா?

விதிப்படி முடியாது. ஒரு உற்பத்தியாளர் தரும் எல்லா இன்ஜினும் ஒரே வடிவமைப்பாக இருக்கவேண்டும் என்பதோடு 2018-இலேயே இன்னும் இறுக்கினார்கள்: ஒரே கட்டுப்பாட்டு மென்பொருள், ஒரே மாதிரி இயக்கக்கூடிய வசதி, எரிபொருளும் எண்ணெயும் வேறு நிறுவனத்திடம் வாங்காதவரை அதே ரகம். அதற்கு முன் பொருள் ஒன்றாகவும் மென்பொருள் வேறாகவும் இருக்க இடம் இருந்தது; தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச்சுற்றில், உற்பத்தியாளரின் சொந்த அணியான தொழிற்சாலை அணி மட்டும் திடீரென்று அரை வினாடி முன்னே போனதும் சந்தேகம் வந்தது.

மெர்சிடிஸ் இன்ஜினை வாங்கி ஓட்டிய மெக்லாரன் 2024-லும் 2025-லும் அணிகளுக்கான பட்டத்தை வென்றது. மெர்சிடிஸின் சொந்த அணியால் முடியவில்லை. 2009-இல் பிரான் அணியும் வாங்கிய மெர்சிடிஸ் இன்ஜினில்தான் வென்றது. ஆக, இன்ஜின் ஒன்றாக இருப்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சமமாகாத விஷயம் வேறு ஒன்று: தகவல் எப்போது கைக்கு வருகிறது என்பது. இன்ஜினின் இணைப்புப் புள்ளிகள், குளிர்விப்புத் தேவை, குழாய்கள் வெளிவரும் திசை எல்லாம் தொழிற்சாலை அணிக்கு வரைபலகையிலேயே தெரியும். அவர்கள் காருக்கு ஏற்றபடி இன்ஜினை நெளிக்கச் சொல்லலாம். வாங்குகிற அணி வந்ததைச் சுற்றிக் காரைக் கட்டவேண்டும். ரேடியேட்டர் ஒரு விரல்கடை பெரிதானாலும் பக்கவாட்டு உடல் தடித்து, காற்றியக்கத்தில் நேரம் போகும். இதை எந்த விதியும் அளப்பதில்லை.

தகுதிச்சுற்றில் மட்டும் கூடுதல் சக்தி கொடுக்கும் அமைப்பு இப்போது இல்லையா?

2020 இத்தாலியப் பந்தயம், மோன்சாவிலிருந்து தடை. தகுதிச்சுற்றிலும் பந்தயத்திலும் உள்ளெரி இன்ஜின் ஒரே அமைப்பில் ஓடவேண்டும் என்றது உத்தரவு. உண்மையான காரணம் கண்காணிப்பு: ஒவ்வொரு காரிலும் பத்துப் பதினைந்து அமைப்புகள் இருந்தால் எதில் எந்த விதி மீறப்படுகிறது என்று பார்க்க ஆள் போதாது. மின்சாரத்தை எங்கே செலவிடுவது என்ற சுதந்திரம் ஓட்டுநருக்கு இன்னும் உண்டு.

இன்ஜின் எண்ணிக்கைக்கு ஏன் வரம்பு? அபராதம் ஓட்டுநருக்கு ஏன்?

செலவுக்காக வந்த வரம்பு. 2024-இல் 24 பந்தயங்களுக்கு ஓர் ஓட்டுநருக்கு 4 உள்ளெரி இன்ஜின், அதாவது ஒன்று சராசரியாக ஆறு வார இறுதிகள் தாங்கவேண்டும். மீறிப் பொருத்தும் முதல் பாகத்துக்குத் தொடக்க வரிசையில் 10 இடம் பின்னே, அதே வகையில் மேலும் ஒன்றானால் 5 இடம். மொத்தம் 15-ஐத் தாண்டினால் வரிசையின் கடைசி.

இந்தக் கடைசி வரி ஏன் தேவை என்பதற்கு ஓர் உதாரணம்: 2015 பெல்ஜியத்தில் மெக்லாரன் ஹோண்டாவின் இரண்டு ஓட்டுநர்களுக்கும் சேர்த்து 105 இடம் அபராதம் விழுந்தது. வரிசையில் இருந்ததே 20 கார்.

ஒருமுறை கடைசிக்குத் தள்ளப்பட்டுவிட்டால் மேலே எத்தனை பாகம் மாற்றினாலும் அதே கடைசிதான். அதனால் முந்துவதற்குச் சுலபமான தடத்தைத் தேர்ந்து, அங்கே மொத்தமாக மாற்றிக்கொள்வார்கள். 2022 பெல்ஜியத்தில் பல ஓட்டுநர்கள் ஒரே நேரத்தில் அபராதம் ஏற்க, வெர்ஸ்டாப்பன் 14-ஆவது இடத்தில் தொடங்கி வென்றார். வலுவான அணிக்கு இது முதலீடு. நடுவரிசை அணிக்குத்தான் தண்டனை. எங்கள் பார்வையில் இந்த விதியின் பெரிய ஓட்டை இதுதான். உற்பத்தியாளரின் புள்ளியைக் குறைத்தால் நியாயமாக இருக்கும் என்பார்கள், ஆனால் அப்போது பட்டத்துக்குப் போட்டியிடும் ஓட்டுநர் வாரம் ஒரு இன்ஜின் கேட்பார்.

பின்தங்கிய இன்ஜின் தயாரிப்பாளர் எழுந்துவர வழி இருக்கிறதா?

பல ஆண்டுகள் சரியான வழி இல்லை. ஆரம்பத்தில் டோக்கன் முறை, அதாவது இன்ஜின் பாகத்தை மேம்படுத்த டோக்கனைச் செலவிடவேண்டும்: 2015-இல் 32 டோக்கன், பெரிய பாகத்துக்கு அதிக டோக்கன். பின்தங்கியவரும் முன்னணியில் இருப்பவரும் ஒரே எண்ணிக்கை பெற்றதால் இடைவெளி குறையவில்லை. 2016-க்குப் பின் கைவிட்டார்கள். அடுத்து, மேம்பாட்டையே நிறுத்திவைக்கும் உறைநிலை. 2022 மார்ச் 1-ஆம் தேதி நிலவரப்படி உள்ளெரி இன்ஜினும் டர்போவும் பூட்டப்பட்டன, செப்டம்பர் 1-ஆம் தேதி பேட்டரியும் மின்மோட்டாரும். 2025 முடியும்வரை. பழுதுக்காக மட்டும் மாற்றலாம், எஃப்ஐஏ அனுமதியோடு. அன்று பின்தங்கியிருந்தவர் நான்கு வருடம் பின்தங்கினார்.

பழுதுக்காக என்ற அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு இடமிருக்கிறது என்பதைச் சொல்லவேண்டும். பிஸ்டன் வெடிக்கிறது என்று பலமான பிஸ்டனுக்கு அனுமதி வாங்கினால், அதே பிஸ்டன் இன்னும் அதிக அழுத்தத்தைத் தாங்கும். பழுதும் போயிற்று, சக்தியும் ஏறிற்று. அதனால்தான் முதலில் சக்தி, பிறகு ஆயுள் என்று உறைநிலைக்குள் நுழைவது புத்திசாலித்தனம்.

2026-க்கு எழுதிய விதி இதைவிட நேர்மையானது. குறிப்பிட்ட பந்தயங்களுக்கு ஒருமுறை ஒவ்வொருவருடைய உள்ளெரி இன்ஜினின் திறனையும் எஃப்ஐஏ குறியீடாகக் கணக்கிடும். சிறந்ததைவிட 2 முதல் 4 சதவீதம் பின்தங்கினால் ஒரு கூடுதல் மேம்பாட்டு வாய்ப்பு, 4-ஐத் தாண்டினால் இரண்டு. கவனிக்க: அளப்பது உள்ளெரி இன்ஜினை மட்டும். பேட்டரி மேலாண்மையில் கோட்டைவிட்டவருக்கு இதில் உதவி இல்லை. இன்ஜின் செலவுக்கும் உச்சவரம்பு உண்டு: 2025 வரை ஆண்டுக்கு 9.5 கோடி டாலர், 2026 முதல் 13 கோடி.

மோட்டோஜிபி பைக்குகளில் இதே எண்ணம் இன்னும் வெளிப்படை. முந்தைய பந்தயங்களில் கிடைக்கக்கூடிய புள்ளிகளில் உற்பத்தியாளர் எத்தனை சதவீதம் வென்றார் என்று பார்த்து ஏ முதல் டி வரை தரம். 85 சதவீதமும் அதற்கு மேலும் ஏ, 35-க்குக் கீழே டி. டி-யில் இருப்பவருக்குக் கூடுதல் இன்ஜின், கூடுதல் சோதனை, பருவத்தின் நடுவே இன்ஜின் வடிவை மாற்றும் உரிமை. 2024-இல் டுகாட்டி ஏ, ஹோண்டாவும் யமஹாவும் டி.

காற்றுத் தடுப்பு வளையம் எப்படி வேலை செய்கிறது?

ராலி போன்ற தொடர்களில் இன்ஜினுக்குப் போகும் காற்று முழுவதும் ஒரு குறுகிய வளையம் வழியாகப் போகவேண்டும். வளையத்தின் கழுத்தில் காற்று ஒலிவேகத்தை எட்டியதும் அதற்கு மேல் எவ்வளவு உறிஞ்சினாலும் கூடுதல் காற்று வராது. அசையும் பாகம் கிடையாது, மென்பொருள் கிடையாது, விட்டத்தை அளவுமானியால் பத்து வினாடியில் சோதிக்கலாம். எங்களைக் கேட்டால், மலிவான விதிகளில் சிறந்தது இதுதான்.

விட்டம் கொஞ்சம் மாறினாலும் பரப்பு அதன் வர்க்கமாக மாறும். உலக ராலி கார்களுக்கு 2017-இல் வளையம் 33-லிருந்து 36 மில்லிமீட்டர் ஆனது: 3 மில்லிமீட்டர்தான், காற்று 19 சதவீதம் கூடிற்று. சுமார் 300-ஆக இருந்த குதிரைத்திறன் 380 ஆனது.

ஒரு குறை உண்டு. உயரமான இடத்தில் காற்றே மெலிந்திருப்பதால் வளையம் உள்ள கார் சக்தியை இழக்கும். எரிபொருள் ஓட்டத்தை அளக்கும் தொடரில் அப்படி இல்லை. 2,200 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில் ஃபார்முலா 1 டர்போவை வேகமாகச் சுழற்றி இழப்பைப் பெருமளவு ஈடுகட்டுவார்கள். எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து யாருக்கு எங்கே லாபம் என்பதும் மாறும்.

அதில்கூடவா ஏமாற்றினார்கள்?

1995 கேட்டலோனியா ராலியில் டொயோட்டா செலிகா சிக்கியது. அப்போதைய வளையம் 34 மில்லிமீட்டர். குழாயை மாட்டிக் கவ்வியை இறுக்கும்போது வளையம் உள்ளே சில மில்லிமீட்டர் நகர்ந்துகொள்ளும். வளையத்தைச் சுற்றி ஓர் இடைவெளி திறந்து, காற்று கழுத்துக்குள் போகாமல் சுற்றுவழியாக டர்போவுக்குப் போகும். ஆய்வாளர் சோதிக்கக் குழாயைக் கழற்றினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் வளையத்தை அதன் இடத்துக்குத் தள்ளி இடைவெளியை மூடிவிடும். கழற்றிப் பார்த்தால் எல்லாம் சரி, மாட்டினால்தான் தவறு. 12 மாதத் தடை. அளவுமானி பொய் சொல்லவில்லை. கார் ஓடாத நிலையில் அளந்ததுதான் ஓட்டை.

2026 ஃபார்முலா 1 பருவத்துக்கு முன் எழுந்த சர்ச்சையும் இதே சாயல். உருளைக்குள் அழுத்த விகிதம் 16:1-ஐத் தாண்டக்கூடாது. அளப்பது அறை வெப்பநிலையில் என்று எழுதியிருந்தார்கள். இன்ஜின் சூடானால் உலோகங்கள் வெவ்வேறு அளவில் விரியும், விகிதம் மாறலாம். ஓடும்போது எவ்வளவு என்பதுதான் கேள்வியாயிற்று.

சமநிலைப்படுத்தல் என்றால் என்ன செய்கிறார்கள்?

லு மான் அடங்கிய உலக நீடிப்புப் பந்தயத் தொடரின் உச்சப் பிரிவான ஹைப்பர்காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வி8, ஒருவர் வி6 டர்போ, முன்சக்கரத்தில் மின்மோட்டார் உள்ளவர், இல்லாதவர். ஒவ்வொரு காருக்கும் ஓர் அட்டவணை: குறைந்தபட்ச எடை (1,030 கிலோவிலிருந்து மேலே), அதிகபட்ச சக்தி (500 கிலோவாட்டை ஒட்டி), 250 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் சக்தியில் கூட்டல் கழித்தல், ஒரு முறை எரிபொருள் நிரப்பியபின் செலவிடக்கூடிய மொத்த ஆற்றல் (900 மெகாஜூல் வாக்கில்).

சக்தியை அளப்பது இன்ஜினில் அல்ல, சக்கரத்துக்குப் போகும் தண்டில் பொருத்திய முறுக்குவிசை உணரியில். அதனால் மின்மோட்டார் உதவினால் உள்ளெரி இன்ஜின் அந்த அளவு குறைத்துக்கொள்ளவேண்டும். உள்ளே என்ன வேண்டுமானாலும் செய், வெளியே வருவது இவ்வளவுதான் என்பது விதி. உணரி பிசகினால் காரின் சக்தியே பிசகும். ஆகவே அணிகள் மாற்று உணரிகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள்.

அப்படியானால் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி நல்ல அட்டவணை வாங்கலாமே?

முயல்வார்கள். நேர்கோட்டில் தாமதமாக ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது, கனமான எரிபொருளோடு ஓட்டுவது, வேகமான பகுதிகளை வெவ்வேறு சுற்றுகளில் பிரித்துக் காட்டுவது. கடைசித் தந்திரத்தைப் பிடிக்க ஒவ்வொரு பகுதியின் சிறந்த நேரங்களையும் கூட்டிப் பார்த்தால் போதும். மிதி எவ்வளவு அழுத்தப்பட்டது என்பது தரவுப் பதிவில் இருக்கும். டயரைக் காப்பாற்றினோம் என்று சொல்லித் தப்புவதைத்தான் நிரூபிப்பது கடினம்.

2023 லு மான் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு அட்டவணை மாறியது: டொயோட்டாவுக்கு 37 கிலோ, ஃபெராரிக்கு 24, காடிலாக்குக்கு 11, போர்ஷேவுக்கு 3 கிலோ கூடுதல். வென்றது ஃபெராரி, இரண்டாவது டொயோட்டா. 24 மணி நேரம் ஓடியும் இடைவெளி ஒன்றரை நிமிடத்துக்குள். அட்டவணை நன்றாக அமைந்ததற்கு அடையாளம் என்பார் ஒருவர், 13 கிலோ வித்தியாசம்தான் அந்த இடைவெளி என்பார் இன்னொருவர். டொயோட்டாக்காரர் வாயைத் திறந்து சொல்லவும் முடியாது, ஏனென்றால் சமநிலைப்படுத்தலைப் பாதிக்கும் நோக்கில் பொதுவெளியில் கருத்துச் சொல்ல அந்தத் தொடரின் விதியே தடை போட்டிருக்கிறது.

மென்பொருள் மோசடியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஃபார்முலா 1-இல் 2008 முதல் எல்லாக் காருக்கும் ஒரே கட்டுப்பாட்டுக் கணினி; அணி எழுதும் பகுதியும் சோதனைக்கு உட்பட்டது. ஆனாலும் சில தவறுகள் தற்செயலாகத்தான் வெளிவரும்.

அமெரிக்கத் தொடரான இண்டிகாரில் முந்துவதற்குத் தற்காலிகச் சக்தி தரும் பொத்தான் உண்டு. பந்தயத் தொடக்கத்திலும் மறுதொடக்கத்திலும் குறிப்பிட்ட கோட்டைக் கடக்கும்வரை அது வேலை செய்யக்கூடாது என்பது 2024 விதி. 2024 ஏப்ரலில் லாங் பீச் பயிற்சியின்போது தொடரின் கட்டுப்பாட்டு முறை பழுதாகி, எல்லாக் காரிலும் பொத்தான் செத்தது. பென்ஸ்கி அணியின் மூன்று கார்களில் மட்டும் வேலை செய்தது. பழைய தரவைத் தோண்டினார்கள். மார்ச்சில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வென்றிருந்த நியூகார்டனும், மேடையேறிய மெக்லாக்லினும் தகுதி நீக்கம். பொத்தானை அழுத்தாத வில் பவருக்கு 10 புள்ளி போனது. வெற்றி பாட்டோ ஓவார்டுக்குச் சென்றது.

பந்தயம் முடிந்ததும் எதையெல்லாம் சோதிப்பார்கள்?

எடை, இன்ஜினில் எஃப்ஐஏ ஒட்டிய சீல்கள் உடையாமல் இருக்கின்றனவா என்பது, எரிபொருள் மாதிரி. ஃபார்முலா 1 காரிலிருந்து 1 லிட்டர் எடுக்க முடியவேண்டும். பதிவு செய்த எரிபொருளின் வேதியியல் கைரேகையோடு ஒப்பிடுவார்கள். 2021 ஹங்கேரியில் இரண்டாவதாக வந்த வெட்டலின் காரிலிருந்து 0.3 லிட்டர்தான் வந்தது. தொட்டியில் இன்னும் இருக்கிறது, பம்ப் பழுது என்று அணி வாதாடியது. எடுக்க முடியாத எரிபொருள் இல்லாத எரிபொருளுக்குச் சமம், இடம் பறிபோனது.

ஓர் அணி இன்னோர் அணி மேல் புகார் செய்ய என்ன வழி?

எழுத்தில், வைப்புத்தொகையோடு, போட்டி நடுவர்களிடம். முடிவு பற்றிய புகாருக்கு, தற்காலிக முடிவு ஒட்டப்பட்டதிலிருந்து 30 நிமிடம்தான் அவகாசம். எந்தக் கார், எந்த விதி என்று குறிப்பிடவேண்டும். இன்ஜினைத் திறக்கச் சொன்னால் பிரித்துப் பூட்டும் செலவுக்கும் பொறுப்பேற்க நேரிடலாம். எஃப்ஐஏ தொழில்நுட்பப் பிரிவு தரும் உத்தரவு அதன் கருத்து மட்டுமே, விதி அல்ல. இறுதி முடிவு நடுவர்களுடையது, அதன்மேல் மேல்முறையீட்டு நீதிமன்றம். 30 நிமிடத்தில் ஆதாரம் சேராது என்பதால்தான் அணிகள் பெரும்பாலும் புகார் செய்வதில்லை. பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு அப்பாவிக் கேள்வியை எழுதி அனுப்புகின்றன.